ஊராட்சி ஒலிபெருக்கியும் அதன் வலை முகவரியும்

ஊரார் யாவருக்கும் ஒரு செய்தியை ஒரே வேளையில் தெரிவித்தல் ஊராட்சி மன்றத்தின் முதன்மையான கடமைகளுள் ஒன்றாகும். குடிநீர் விடும் நேரம், கால்நடைத் தடுப்பூசி முகாம், கூட்டுறவுச் சங்கத்திற்கு உரம் வந்து சேர்ந்த செய்தி, கிராம சபை கூடும் நாள், புயல் வெள்ள எச்சரிக்கை ஆகியவை உரிய காலத்தில் உரியவர் செவியில் விழுந்தாலன்றிப் பயன் தருவதில்லை. முற்காலத்தில் இப்பணி தண்டோராவினால் நடைபெற்று வந்தது. அதைச் செய்வோரின் மதிப்புக்கு அம்முறை இழுக்காகும் என்னும் கருத்து நாளடைவில் வலுப்பெற்றது. 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிட்டு ஒலிபெருக்கியின் வாயிலாக அறிவிக்கச் செய்யுமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். அதே 2022-ஆம் ஆண்டு முதல் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்னும் ஆறு நாள்களில் கிராம சபை கூடுவது என்னும் ஏற்பாடும் உண்டாயிற்று. ஆகவே ஊராட்சி பேச வேண்டிய செய்திகளும் பெருகின. பேசுவதற்குரிய சாதனமும் மாறிற்று.

இன்று பல ஊர்களில் வெறும் மைக்கும் கூம்பு ஒலிபெருக்கியும் மட்டுமின்றி, கணினி வலையோடு இணைந்த ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் வந்து சேர்ந்துள்ளன. அலுவலகத்தில் அமர்ந்து பேசினால், இரண்டு மைல் தொலைவிலுள்ள குக்கிராமத்திலும் அப்பேச்சு ஒலிக்கிறது. ஆயினும் இக்கருவியை வாங்கி மாட்டிவிடுவதனால் மட்டும் வேலை முடிந்துவிடுவதில்லை. வலையில் அதற்குரிய முகவரியை முறையாக அமைத்தல் வேண்டும். அதனை எவ்வாறு செய்வது, செய்தவர் சரியாகச் செய்தாரா என்று மன்ற உறுப்பினர்கள் எவ்வாறு அறிவது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கருவியும் அதன் வேலையும்

ஒலிக் கட்டுப்பாட்டுக் கருவியை வாய்க்கால் மதகுக்கு ஒப்பிடலாம். மைக்கின் வழியாக வரும் பேச்சை அது ஏற்று, எந்தப் பகுதிக்கு அனுப்ப வேண்டுமோ அந்தப் பகுதிக்கு மட்டும் திறந்து விடுகிறது. வடக்குத் தெருவுக்கு மட்டும் குடிநீர் பற்றிய அறிவிப்பு, மீனவர் குப்பத்திற்கு மட்டும் கடல் நிலை பற்றிய அறிவிப்பு, ஊர் முழுவதற்கும் கிராம சபை அறிவிப்பு எனப் பிரித்து அனுப்புதல் இதனால் இயலும். ஒலியின் அளவைக் கூட்டவும் குறைக்கவும், குறித்த நேரத்தில் பதிவு செய்த பேச்சைத் தானே ஒலிக்கச் செய்யவும் இது உதவும்.

பழைய முறையில் ஒலிபெருக்கி வரை செம்புக் கம்பியே மின்னலையைச் சுமந்து சென்றது. தொலைவு மிகுந்தால் 100 வோல்ட் முறையில் கம்பி இழுப்பர். புதிய முறையில் பேச்சு எண்களாக மாற்றப்பட்டுச் சிறு சிறு பொட்டலங்களாக வலையில் செல்கிறது. ஒவ்வொரு குக்கிராமத்திலும் நீர்த்தேக்கத் தொட்டியின் மேலோ பள்ளிக் கட்டடத்தின் மேலோ உள்ள பெருக்கி அப்பொட்டலங்களைப் பெற்று மீண்டும் ஒலியாக்குகிறது. பொட்டலம் போய்ச் சேர வேண்டுமாயின், தபாலுக்கு வேண்டுவது போலவே, அனுப்புநர் முகவரியும் பெறுநர் முகவரியும் வேண்டும். முகவரி தவறினால் கடிதம் திரும்பி வருவதுண்டு; இங்கோ பேச்சு திரும்பி வராது; ஓசையின்றி மறைந்துவிடும். பேசியவர் தாம் பேசியது ஊரெங்கும் கேட்டது என்றே எண்ணியிருப்பார். இதுவே இவ்விஷயத்தில் நாம் கவலைகொள்ள வேண்டிய இடம்.

தெருவும் கதவு இலக்கமும்

வலையிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்று ஓர் எண் உண்டு. அது புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்களால் ஆனது. ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255 வரை இருக்கலாம். 192.168.10.11 என்பது ஓர் எடுத்துக்காட்டு. உலக முழுவதிலும் பெரும்பாலான வலைகள் பின்பற்றும் இம்முறை 1981-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் வழங்குவதற்கென மூன்று தொகுதிகளை 1996-ஆம் ஆண்டில் ஒதுக்கி வைத்தனர். 10 என்று தொடங்குவன, 172.16 முதல் 172.31 வரையில் தொடங்குவன, 192.168 என்று தொடங்குவன ஆகியவையே அவை. ஊராட்சியின் உள்வலைக்கு இம்மூன்றனுள் ஒன்றிலிருந்தே முகவரி எடுத்தல் வேண்டும்.

இம்முகவரியோடு சப்நெட் மாஸ்க் என்னும் மற்றோர் எண்ணும் கேட்கப்படும். அது முகவரியில் தெருப் பெயர் எதுவரை, கதவு இலக்கம் எது என்று பிரித்துக் காட்டும் எல்லைக் கல்லாகும். சிறிய வலைகளில் அது 255.255.255.0 என்று இருக்கும். அவ்வாறாயின் முதல் மூன்று எண்களும் சேர்ந்து தெருப் பெயர். கடைசி எண் கதவு இலக்கம். 192.168.10.11 என்பது 192.168.10 என்னும் தெருவில் 11-ஆம் இலக்க வீடு எனக் கொள்ளலாம். தெருவின் 0, 255 ஆகிய இரண்டு இலக்கங்களை எக்கருவிக்கும் தருதல் கூடாது. எஞ்சிய 254 இலக்கங்களும் ஓர் ஊராட்சிக்குப் போதியவையே. ஒரே தெருவில் உள்ள கருவிகள் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும். வேற்றுத் தெருவில் உள்ளதோடு பேச வேண்டுமாயின் தெருமுனையிலுள்ள வாயிலின் வழியே செல்ல வேண்டும். அவ்வாயிலைக் கேட்வே என்பர். இணையத்தைக் கொண்டுவரும் ரூட்டரின் முகவரியே பெரும்பாலும் கேட்வே முகவரியாக அமையும்.

தானாகப் பெறும் முகவரியும் நிலையான முகவரியும்

முகவரி பெறுவதற்கு இரண்டு வழிகள் உள. ரூட்டர் தானே ஓர் எண்ணைக் கொடுத்தல் ஒரு வழி, இதனை டி.எச்.சி.பி. முறை என்பர். நாமே எண்ணைக் குறித்துக் கருவியில் பதித்தல் மற்றொரு வழி. இது நிலையான முகவரி எனப்படும். முதல் வழி சத்திரத்தில் தங்கும் வழிப்போக்கனுக்கு அன்றன்று காலியாக உள்ள அறையைக் கொடுப்பது போன்றது. கைப்பேசிக்கும் மடிக்கணினிக்கும் அது தகும். பிறர் தேடி வரவேண்டிய கருவிக்கு அது தகாது. தபால் நிலையம் நாளுக்கோர் இடத்தில் இருந்தால் ஊரார் என் செய்வர்?

நாம் பார்வையிட்ட கடற்கரை ஊராட்சி ஒன்றில் நிகழ்ந்ததை இங்குக் கூறுதல் பொருந்தும். அங்கு அலுவலகத்தில் கட்டுப்பாட்டுக் கருவியும், நான்கு குக்கிராமங்களில் பெருக்கிகளும் வைக்கப்பட்டிருந்தன. வேலை எளிதாக முடியட்டும் என்று, பொருத்தியவர் கருவியைத் தானாக முகவரி பெறும் முறையிலேயே விட்டுச் சென்றிருந்தார். அப்போது அதற்குக் கிடைத்த இலக்கம் 105. அந்த எண்ணையே நான்கு பெருக்கிகளிலும் குறித்துவிட்டார். சில மாதங்கள் யாதொரு குறையும் இல்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை மின்சாரம் நின்று மீண்டும் வந்தது. ரூட்டர் தன் கணக்கை மறந்து புதிதாக எண்களை வழங்கத் தொடங்கிற்று. கட்டுப்பாட்டுக் கருவிக்கு 108 கிடைத்தது. பெருக்கிகளோ 105-இலிருந்து வரும் பேச்சுக்காகக் காத்திருந்தன.

அன்றிரவு கடலுக்குச் செல்ல வேண்டா என்னும் எச்சரிக்கை வந்தது. ஊராட்சிச் செயலர் உடனே மைக்கில் அறிவித்தார். அலுவலகக் கூரைமேல் இருந்த ஒலிபெருக்கி கம்பியினால் நேரே இணைக்கப்பட்டதாதலின் அது நன்கு ஒலித்தது. அதைக் கேட்டவர்கள், ஊர் முழுவதும் கேட்டது என்றே கருதினர். மீனவர் குப்பத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அவ்வார்டு உறுப்பினர் வேறொரு வேலையாக அலுவலகப் பக்கம் வந்திருந்தவர், வீடு திரும்பியபின் அண்டை வீட்டாரிடம் கேட்டபோதுதான் உண்மை வெளியாயிற்று. அவர் விடியற்காலை நான்கு மணிக்கு வீடு வீடாகச் சென்று படகுகளை நிறுத்தினார். ஓர் எண் மாறியதன் விளைவு எத்தகையதாக இருந்திருக்கும் என்பதை உறுப்பினர்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

ஆகவே கட்டுப்பாட்டுக் கருவிக்கும், பெருக்கிகளுக்கும், அவற்றை இணைக்கும் கம்பியில்லாக் கருவிகளுக்கும் நிலையான முகவரியே அமைத்தல் வேண்டும். அன்றி, குறித்த கருவிக்குக் குறித்த எண்ணையே எப்பொழுதும் கொடுக்குமாறு ரூட்டரில் முன்பதிவு செய்துவைத்தலும் ஏற்றதே.

முதலிற் செய்ய வேண்டியது பதிவேடு

கருவியைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நில அளவைக்குப் புலப்படம் எப்படியோ அப்படி இவ்வேலைக்கு இப்பதிவேடு இன்றியமையாதது. கருவியின் பெயர், அது உள்ள இடம், அதன் மேக் முகவரி, அதற்குத் தரும் ஐ.பி. முகவரி, பொருத்திய நாள் என ஐந்து பத்திகள் வரைந்துகொள்க. மேக் முகவரி என்பது தொழிற்சாலையிலேயே கருவிக்கு இடப்படும் அடையாளம். 0 முதல் 9 வரையிலான இலக்கங்களும் ஆங்கில நெடுங்கணக்கின் முதல் ஆறு எழுத்துகளும் கலந்த பன்னிரண்டு குறிகளாக அது கருவியின் ஒட்டுச்சீட்டில் பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும்.

பின்னர் எண்களைப் பங்கீடு செய்க. தெருப் பெயர் 192.168.10 எனக் கொள்வோம். 192.168.0, 192.168.1 என்பவற்றைத் தவிர்ப்பது நல்லது. கடையில் விற்கும் ரூட்டர்கள் பல அவ்விரண்டில் ஒன்றோடுதான் வருகின்றன. யாரேனும் பின்னர் மற்றொரு ரூட்டரைக் கொண்டுவந்து மாட்டினால் குழப்பம் நேரும். ரூட்டருக்கு 1-ஆம் இலக்கம். கட்டுப்பாட்டுக் கருவிக்கு 11. பெருக்கிகளுக்கு 21 முதல் 40 வரை. அலுவலகக் கணினிகளும் கைப்பேசிகளும் தானாகப் பெறுவதற்கு 100 முதல் 199 வரை எனப் பிரித்துவிடலாம். தானாக வழங்கும் எல்லைக்குள் நிலையான எண் ஒன்றும் இருத்தல் ஆகாது. இருப்பின், கிராம சபைக்கு வந்த ஒருவரின் கைப்பேசிக்கும் பெருக்கிக்கும் ஒரே எண் கிடைத்துவிடக்கூடும். ஒரே இலக்கத்தில் இரண்டு வீடுகள் இருந்தால் தபால்காரர் தடுமாறுவது போலவே, பேச்சு சில வேளை வரும், சில வேளை வராது. இவ்வாறு விட்டுவிட்டு நேரும் கோளாறே கண்டுபிடிப்பதற்கு மிகக் கடினமானது.

கருவியில் முகவரி அமைக்கும் முறை

வேலையைப் பின்வரும் ஒழுங்கில் செய்தல் வேண்டும்.

1. கருவியோடு வந்த கையேட்டைப் பார்த்து, தொழிற்சாலையில் அதற்கு இட்ட முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. சில கருவிகளில் முன்பக்கத்திலுள்ள சிறு திரையிலேயே முகவரியைக் காணவும் மாற்றவும் இயலும்.

2. கருவியை ஊராட்சி வலையில் உடனே இணைத்துவிடாமல், ஒரு மடிக்கணினியோடு கம்பியினால் நேரே இணைக்கவும். மடிக்கணினியின் கம்பியில்லா இணைப்பை அப்போதைக்கு நிறுத்தி வைக்கவும்.

3. மடிக்கணினிக்குக் கருவி இருக்கும் அதே தெருவில் வேறோர் இலக்கம் கொடுக்கவும். கருவியின் முகவரி 192.168.1.50 ஆயின், மடிக்கணினிக்கு 192.168.1.60 எனலாம். மாஸ்க் 255.255.255.0. வேற்றுத் தெருவில் நின்று கூப்பிட்டால் கருவி கேளாது.

4. இணைய உலாவியின் முகவரிக் கட்டத்தில் கருவியின் எண்ணைத் தட்டினால் அதன் உள்பக்கம் திறக்கும். உள்ளே சென்றதும் செய்ய வேண்டிய முதல் வேலை கடவுச்சொல்லை மாற்றுதல்.

5. நெட்வொர்க் என்னும் பிரிவைத் திறந்து, தானாகப் பெறும் முறையை நீக்கி, நிலையான முறையைத் தேர்ந்தெடுக்கவும். முகவரி 192.168.10.11, மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.10.1 எனப் பதிவேட்டில் உள்ளவாறே எழுதவும். டி.என்.எஸ். என்று ஒரு கட்டம் இருக்கும். பெயரைச் சொன்னால் அதற்குரிய எண்ணைத் தேடித் தரும் அலுவலகத்தின் முகவரி அது. பொதுவாக ரூட்டரின் முகவரியையே இங்கும் எழுதலாம்.

6. ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தபின் சேமிக்கவும். கருவி நின்று மீண்டும் தொடங்கும்.

7. இப்போது பழைய முகவரியில் கூப்பிட்டால் விடை வராது. பலர் இவ்விடத்தில் கருவி பழுதாகிவிட்டது என்று அஞ்சி, அதனைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். கருவி பழுதாகவில்லை, வீடு மாறியிருக்கிறது. மடிக்கணினியின் முகவரியையும் புதிய தெருவுக்கு, 192.168.10.90 என்பது போல் மாற்றிக்கொண்டு, 192.168.10.11 என்று கூப்பிட்டால் அது விடையளிக்கும்.

8. அதன்பின் கருவியை ஊராட்சி வலையில் இணைக்கவும். பெருக்கி ஒவ்வொன்றையும் இவ்வாறே தனித்தனியே அமைக்கவும். தொழிற்சாலையிலிருந்து வந்த பெருக்கிகள் யாவும் ஒரே முகவரியோடு இருக்கலாமாதலின், எல்லாவற்றையும் ஒருங்கே வலையில் மாட்டிவிடுதல் கூடாது.

9. வேலை முடிந்ததும் அமைப்பு முழுவதையும் ஒரு கோப்பாகச் சேமித்துக் கணினியிலும் பென் டிரைவிலும் வைத்துக்கொள்ளவும். கருவி மாற்ற நேர்ந்தால், அதே வகைக் கருவியில் அக்கோப்பை இட்டுச் சில நிமிடங்களில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

ஒரு பேச்சைப் பலருக்கு அனுப்புதல்

கட்டுப்பாட்டுக் கருவி பெருக்கிகளுக்குப் பேச்சை இரு விதமாக அனுப்பக்கூடும். ஒவ்வொரு பெருக்கிக்கும் தனித்தனியே படியெடுத்து அனுப்புதல் ஒன்று. ஒரே படியைக் குழு முகவரி ஒன்றுக்கு அனுப்ப, அக்குழுவில் சேர்ந்த பெருக்கிகள் யாவும் அதனை எடுத்துக்கொள்ளுதல் மற்றொன்று. இதனை மல்ட்டிகாஸ்ட் என்பர். முதல் எண் 224 முதல் 239 வரை உள்ள முகவரிகள் இக்குழுக்களுக்கு உரியவை. அவற்றுள் 239 என்று தொடங்குவன உள்வலைகளில் வழங்குவதற்கென ஒதுக்கப்பட்டவை. குழு முகவரியோடு போர்ட் என்னும் ஓர் எண்ணும் சேர்ந்து வரும். அனுப்பும் கருவியிலும் பெறும் பெருக்கியிலும் இவ்விரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும்.

குழுவாக அனுப்பும் பேச்சு ரூட்டரைத் தாண்டி அடுத்த தெருவுக்குத் தானாகச் செல்வதில்லை. ஆகவே பெருக்கிகள் யாவும் ஒரே தெருவில் இருக்குமாறு அமைத்தலே எளிது. கம்பியில்லா இணைப்பில் இம்முறை சில வேளை சொல் விட்டுவிட்டுக் கேட்கச் செய்யும். நான்கைந்து பெருக்கிகளே உள்ள ஊராட்சிகள் தனித்தனியே அனுப்பும் முறையைக் கைக்கொள்ளலாம். பேச்சு வலைக்குப் பெருஞ்சுமை அன்று. தொலைபேசித் தரத்திலான பேச்சுக்கு ஒரு நொடிக்கு 64,000 பிட் போதும்.

கடிகாரம்

நாள்தோறும் காலை 6 மணிக்குக் குடிநீர் அறிவிப்பு என்று கருவியில் குறித்து வைத்தால், அது தன் கடிகாரத்தைப் பார்த்தே பேசும். பல கருவிகள் கிரீன்விச் நேரத்தோடு வருகின்றன. நம் நாட்டு நேரம் அதற்கு 5 மணி 30 நிமிடம் முந்தியது. இதனைத் திருத்தாவிடில் காலை 6 மணிக்குரிய அறிவிப்பு முற்பகல் 11.30 மணிக்கு ஒலிக்கும். நேர மண்டலத்தைத் திருத்துவதோடு, இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் என்.டி.பி. என்னும் வசதியையும் இயக்கி வைத்தல் வேண்டும். இதற்குக் கேட்வேயும் டி.என்.எஸ்ஸும் சரியாக இருத்தல் அவசியம். பேச்சு ஊரெங்கும் நன்றாகக் கேட்டு, கடிகாரம் மட்டும் பிழையாக இருப்பின், இவ்விரண்டு கட்டங்களையே முதலில் பார்க்க.

பூட்டும் சாவியும்

ஒலிபெருக்கி ஊராட்சியின் வாய் ஆகும். அவ்வாயை அயலார் கையில் விடலாகாது. அணை உடைந்தது என்று நள்ளிரவில் ஒரு பொய்க் குரல் ஒலித்தால் நெரிசலில் உயிர்கள் போகும். ஒருமுறை பொய் கேட்ட ஊர், அடுத்த முறை மெய்யான எச்சரிக்கையையும் நம்பாது. ஆகவே பின்வருவனவற்றை உறுதியாகக் கடைப்பிடித்தல் வேண்டும்.

தொழிற்சாலைக் கடவுச்சொல்லை ஒரு நாளும் அப்படியே விடுதல் கூடாது. அச்சொற்கள் கையேடுகளில் அச்சிடப்பட்டு உலகெங்கும் தெரிந்தவை. ஊரின் பெயர், தலைவரின் கைப்பேசி எண் ஆகியவற்றையும் கடவுச்சொல்லாக வைத்தல் வேண்டா. பழுது பார்ப்பவர் வெளியூரிலிருந்தே பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று ரூட்டரில் கருவிக்கு வெளிவாயில் திறந்து வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அவ்வாயிலின் வழியே பழுது பார்ப்பவர் மட்டுமே வருவார் என்பதற்கு யாதோர் உறுதியும் இல்லை. பொதுமக்களுக்கென ஊராட்சி கம்பியில்லா இணையம் வழங்குமாயின், அவ்வலையும் ஒலிக் கருவிகளின் வலையும் தனித்தனியே பிரிந்திருத்தல் வேண்டும். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு முத்திரை வைத்து, தலைவர் ஒன்றும் செயலர் ஒன்றுமாக வைத்துக்கொள்க. தேர்தலுக்குப் பின்னரும் செயலர் மாறும்போதும் கடவுச்சொல் மாற வேண்டும்; மாறிய நாளைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும்.

மின்சாரமும் கம்பியும்

புயல் நாளில் மின்சாரம் இராது. கட்டுப்பாட்டுக் கருவிக்கு மட்டும் மின்கல வசதி செய்துவிட்டு, ரூட்டரையும் ஸ்விட்ச்சையும் மறந்துவிடுவது வழக்கமாக நிகழும் குறையாகும். பேச்சு செல்லும் பாதையிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் மின்கலம் வேண்டும். பாதையில் ஒன்று அணைந்தாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

சாதாரண வலைக் கம்பி ஓர் இணைப்புக்கு 100 மீட்டர் வரையே செல்லத்தக்கது. அதற்கு மேற்பட்ட தொலைவுக்குக் கண்ணாடி இழைக் கம்பியோ கம்பியில்லா இணைப்போ வேண்டும். 2011-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் பெற்ற திட்டத்தின் வாயிலாக ஊராட்சிகளுக்கு வரும் இழையும் இவ்வகையைச் சேர்ந்ததே. நீர்த்தேக்கத் தொட்டி போன்ற உயர்ந்த இடங்களுக்குச் செம்புக் கம்பி ஏறுமாயின், இடி மின்னலால் கருவிகள் கெடாதவாறு மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல நிலத்தொடர்பும் அமைத்தல் வேண்டும். வலைக் கம்பியின் வழியாகவே மின்சாரமும் பெறும் கருவிகள் உள. 2003-ஆம் ஆண்டில் வகுத்த முறைப்படி ஓர் இணைப்பில் 15.4 வாட் வரையே கொடுக்க இயலும். பெரிய கூம்பு ஒலிபெருக்கிகளுக்கு அது போதாது. அவற்றுக்குத் தனி மின்சாரம் வேண்டும்.

குறை காணும் முறை

பேச்சு கேட்கவில்லையெனின் பதற்றமின்றி அருகிலிருந்து தொலைவு நோக்கிச் சோதித்துச் செல்க. முதலில், கம்பி செருகியுள்ள இடத்தில் சிறு விளக்கு எரிகிறதா என்று காண்க. எரியாவிடில் கம்பியோ ஸ்விட்ச்சோ பழுது. விளக்கு எரிந்தால் கணினியிலிருந்து பிங் என்னும் கட்டளையால் பெருக்கியின் முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்க. பெரும்பாலான கருவிகள் அதற்கு விடையளிக்கும். விடை வந்தும் பேச்சு இல்லையெனின், கட்டுப்பாட்டுக் கருவியின் முகவரியும் போர்ட் எண்ணும் ஒத்துள்ளனவா என்றும், ஒலியளவு குறைக்கப்பட்டுள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

கருவியின் முகவரி 169.254 என்று தொடங்கக் கண்டால், அது தானாக முகவரி கேட்டு ஒருவரும் கொடாமையால் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று அறிக. அக்கருவியில் நிலையான முகவரி அமைக்கப்படவில்லை, அல்லது அமைத்தது அழிந்துவிட்டது என்பது அதன் பொருள். இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் இருக்குமோ என்று ஐயம் எழுந்தால், நமது கருவியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு அதே எண்ணைப் பிங் செய்து பார்க்க. அணைத்த பின்னும் விடை வந்தால், அவ்வெண்ணில் வேறொரு கருவி குடியிருக்கிறது.

ஒப்புக்கொள்ளுமுன் சோதனை

பணி முடிந்தது என்று பொருத்தியவர் கூறியதும் பட்டியலில் கையொப்பமிட்டுவிடுதல் கூடாது. அலுவலகத்தின் மின்சாரம் முழுவதையும் நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் கொடுத்து, யாரும் எதையும் தொடாமல் கருவிகள் தாமே ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றனவா என்று காணல் வேண்டும். குக்கிராமம் ஒவ்வொன்றிலும் அவ்வார்டு உறுப்பினரை நிற்கச் செய்து, கேட்ட சொற்களைத் திருப்பிச் சொல்லக் கேட்க வேண்டும். அலுவலகத்தில் கேட்பது சான்றாகாது. மேற்கூறிய கடற்கரை ஊராட்சியில் இப்போது நிலையான முகவரிகள் அமைக்கப்பட்டு, மாதந்தோறும் முதல் நாளன்று இச்சோதனை நடைபெறுகிறது. நான்கு வார்டுகளிலிருந்தும் விடை வந்த பின்னரே பதிவேட்டில் செயலர் கையொப்பமிடுகிறார். பெரிய இடி மழைக்குப் பின்னரும் இவ்வாறு செய்தல் நலம்.

சட்டம் கூறுவது

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, ஒலிபெருக்கியைப் பயன்படுத்த உரிய அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பொது நெருக்கடிக் காலத்திற்கு விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என ஒலியளவு வரையறுக்கப்பட்டுள்ளது. பள்ளியும் மருத்துவமனையும் உள்ள பகுதிகளின் ஒலியளவைக் கருவியிலேயே தனியாகக் குறைத்து வைக்கலாம். நாள் முழுதும் ஒலிக்கும் ஒலிபெருக்கியை ஊரார் கேளாதவராகிவிடுவர். அறிவிப்பு சுருக்கமாகவும் வேளையறிந்தும் இருத்தலே அதன் மதிப்பைக் காக்கும்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வேலை பொறியாளர்க்கே உரியது என்று எண்ணி ஒதுங்குதல் வேண்டா. எண்களைக் கருவியில் பதிப்பவர் யாராயினும், அவ்வெண்கள் பதிவேட்டில் உள்ளனவா, நிலையானவையா, கடவுச்சொல் மாறியதா, மின்சாரம் போய் வந்தபின் பேச்சு கேட்கிறதா என்னும் நான்கு கேள்விகளையும் கேட்கும் உரிமையும் பொறுப்பும் மன்றத்துக்கே உண்டு. வாய்க்காலின் கடைமடைக்கு நீர் பாய்ந்ததா என்று சென்று பார்க்கும் உழவர்க்கு இது புதிய பாடமன்று.

எவ்வளவு நன்றாக அமைத்த வலையும் பெரும்புயலில் அறுந்துபோகலாம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கரை கடந்த கஜா புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்ததை டெல்டா மாவட்டத்தார் அறிவர். ஆகவே மின்கலத்தால் இயங்கும் கைம்மைக் ஒன்றை ஒவ்வொரு குக்கிராமத்திலும் வைத்திருப்பதும், வலை அறுந்தால் எந்த வார்டுக்கு யார் சென்று சொல்வது என்று முன்கூட்டியே மன்றத்தில் தீர்மானித்து வைப்பதும் இன்றியமையாதவை. அடுத்த மன்றக் கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாகச் சேர்த்து, பதிவேட்டைத் தொடங்கி, முதற் சோதனைக்கு நாள் குறிப்பீர்களாக.